தூக்கத்தைச் சரிசெய்யக் காலையில் தொடங்குங்கள்: பின்தங்கிய உடற்கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவரும் முறை

தூக்கம் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் தூக்கம் வரத்தான் செய்கிறது. அவர்கள் விரும்பும் நேரத்தில் வருவதில்லை என்பதே சிக்கல். இரவு பதினொரு மணிக்குப் படுத்து, புரண்டு புரண்டு இரண்டரை மணி ஆக்கிவிடும் ஒருவரை, வேலையும் அலாரமும் இல்லாத பத்து நாள் விடுமுறையில் விட்டுப் பாருங்கள். மூன்று மணிக்குக் கண்ணயர்ந்து பதினொரு மணிவரை அசையாமல் உறங்கி எழுவார். அவருடைய தூக்கத்தில் பழுது எதுவும் இல்லை. தூக்கத்துக்கு நேரம் குறிக்கும் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். இத்தகையவர்கள் அந்தக் கடிகாரத்தைப் படிப்படியாக முன்னுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன். நாளிதழ் ஒன்றின் இரவுப் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பகல் வேலைக்கு மாறியபோது நானும் இந்த வழியாகத்தான் வந்தேன். அதற்கு முன்பு, பெரும்பாலானோர் செய்யும் தவறையே ஓராண்டுக் காலம் செய்துகொண்டிருந்தேன். அந்தத் தவறு, இரவில் சீக்கிரம் படுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது.

கடிகாரம் எங்கே இருக்கிறது, ஏன் பின்தங்குகிறது

1729ஆம் ஆண்டு பிரெஞ்சு வானியலாளர் ழான்-ழாக் டோர்து டி மைரான், பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்ளும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் சிறிதும் படாத நிலையிலும் அது பகல் வேளையில் விரிந்து இரவு வேளையில் மூடிக்கொண்டது. நேரம் செடிக்கு உள்ளேயே எங்கோ கணக்கிடப்படுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை 1962இல் மிஷேல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் தம் உடலைக் கொண்டே காட்டினார். கடிகாரமோ சூரிய ஒளியோ இல்லாத மலைக்குகை ஒன்றில் இரண்டு மாதங்கள் தங்கிய அவரை செப்டம்பர் 14ஆம் நாள் வெளியே அழைத்தபோது, அவருடைய சொந்தக் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. நாட்களை எண்ணுவதில் மனம் இந்த அளவுக்குத் தவறியபோதும், உறங்குவதும் விழிப்பதுமான அவருடைய உடலின் சுற்று இருபத்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான ஒழுங்கிலேயே நடந்துவந்தது.

இந்தச் 'சற்றே கூடுதல்' என்பதில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. 1960களில் ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் அஷோஃப் நிலவறை ஒன்றை அமைத்து, தன்னார்வலர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து ஆராய்ந்தபோது, மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 25 மணி நேரம் என்ற முடிவு கிடைத்தது. பின்னர் 1999இல் அமெரிக்காவில் சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் ஒளியை மிகவும் மங்கலாக வைத்துக் கவனமாக அளந்தபோது, அது சராசரியாக 24 மணி நேரமும் சுமார் 11 நிமிடங்களும் மட்டுமே என்று தெரியவந்தது. முதல் ஆய்வில் ஏன் அவ்வளவு நீண்டது? அங்கே தங்கியிருந்தவர்கள் விளக்கைத் தம் விருப்பப்படி எரியவிட அனுமதிக்கப்பட்டிருந்தனர். தங்கள் உடல் இரவென்று கருதிய வேளையில் அவர்கள் எரியவிட்ட விளக்கே, அவர்களுடைய கடிகாரத்தை ஒவ்வொரு நாளும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மூடிய அறையிலும் இரவெல்லாம் குழல்விளக்கின் கீழும் இருக்கும் இன்றைய வாழ்க்கைக்கும் அந்த நிலவறைக்கும் வேறுபாடு குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடிகாரத்தின் தலைமையகம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, இடமும் வலமுமாக அமைந்த இரண்டு சிறு நரம்பணுத் திரள்களில் இருக்கிறது; இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்க, அப்புரதங்கள் சேர்ந்து பெருகியதும் அதே மரபணுக்களின் வேலையை நிறுத்த, புரதங்கள் சிதைந்ததும் மறுபடி வேலை தொடங்க, இந்தச் சுற்று ஒரு முறை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. பழ ஈக்களில் இந்தப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈரல், இரைப்பை, தசை என உடலின் மற்ற உறுப்புகளிலும் இத்தகைய கடிகாரங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிசகாமல் ஓடவைப்பது இந்தத் தலைமைக் கடிகாரத்தின் பொறுப்பு.

தலைமைக் கடிகாரத்துக்கு வெளியுலகின் நேரத்தைச் சொல்வது பெரும்பாலும் ஒளியே. விழித்திரையில் உருவங்களைக் காண உதவும் உயிரணுக்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனிவகை நரம்பணுக்களும் உள்ளன. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு இவை மிகுந்த உணர்வு காட்டுகின்றன. எதைப் பார்க்கிறோம் என்பது இவற்றுக்குப் பொருட்டில்லை. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதை மட்டுமே கடிகாரத்துக்குத் தெரிவிக்கின்றன. எல்லா உயிர்களும் ஒளியை மட்டுமே நம்புவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே அழகான சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மா. கி. சந்திரசேகரன் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் வௌவால்களை ஆராய்ந்தபோது, இருண்ட குகைக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த வௌவால்கள், மாலையில் வெளியே பறந்து விடியலில் திரும்பும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தைக் கொண்டே தம் கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டதைக் கண்டனர். மனிதரைப் பொறுத்தவரை சாப்பாட்டு வேளை, உடலுழைப்பு, வீட்டாரின் நடமாட்டம் ஆகியவையும் ஓரளவு உதவும். ஆனால் ஒளியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை அனைத்தும் துணைக்கருவிகளே.

சீக்கிரம் படுத்தால் ஏன் தூக்கம் வருவதில்லை

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. 1982இல் அலெக்ஸாண்டர் போர்பெலி முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேர இந்த அழுத்தம் கூடுகிறது, உறங்கும்போது வடிந்துவிடுகிறது. இரண்டாவது, உடற்கடிகாரம் தரும் விழிப்பு விசை. பகல் ஏற ஏற இது வலுப்பெற்று, கூடிவரும் தூக்க அழுத்தத்துக்கு எதிராக நம்மைத் தாங்கிப் பிடிக்கிறது. மதிய உணவுக்குப் பின் கண் செருகுவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்கிறோம். அந்த வேளையில் விழிப்பு விசை சற்றே தளர்வதும் அதற்கு ஒரு காரணம்.

இவ்விசை உச்சத்தை எட்டுவது எந்த வேளையில் என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. அதன் பிறகே, இருட்டிவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் ஹார்மோனான மெலடோனினின் சுரப்பு ஏறுகிறது, உடலின் உள்வெப்பம் இறங்குகிறது, விழிப்பு விசை தளர்கிறது, தூக்கத்தின் கதவு திறக்கிறது. எனவே மூன்று மணிக்குத் தூங்கிப் பழகியவர் நாளை தேர்வென்றோ விமானம் பிடிக்கவேண்டுமென்றோ பதினொரு மணிக்குப் படுப்பாரானால், தம் உடலின் விழிப்பு மிகக் கூர்மையாகும் வேளையில் போய்ப் படுக்கிறார். தூக்கம் வராததில் வியப்பில்லை. இதையே நாள்தோறும் செய்தால் கட்டில் என்பது கவலைப்படும் இடமாகவே மனத்தில் பதிந்துவிடும். அப்போது கடிகாரச் சிக்கலோடு புதிதாகத் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். தூங்கப் போகும் நேரத்தை வலிந்து மாற்றாதீர்கள். விழிக்கும் நேரத்தையும் விழித்தவுடன் கண்ணில் படும் ஒளியையும் மாற்றினால், தூங்கும் நேரம் தானாகப் பின்தொடரும்.

முதல் வேலை: பத்து நாள் குறிப்பேடு

மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் உங்கள் கடிகாரம் இப்போது எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும். பத்து நாட்களுக்குக் காலையில் எழுந்ததும், முந்தைய இரவு விளக்கை அணைத்த நேரம், தூங்கியதாகத் தோராயமாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம், அலாரத்தால் எழுந்தீர்களா தானாகவா என்பவற்றை எழுதிவையுங்கள். கைக்கடிகாரத்திலும் கைப்பேசியிலும் இருக்கும் தூக்கக் கணிப்பு வசதிகள், நீங்கள் அசையாமல் விழித்துக் கிடப்பதையும் தூக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், இதற்குத் தாளும் பேனாவும் போதும். அலாரம் இல்லாமல் எழுந்த நாட்களே இங்கு முக்கியம். அவை குறைந்தது மூன்று நான்காவது இருக்கும்படி விடுமுறை நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து தூக்கம் கெட்டவர்கள் முதல் விடுமுறை நாளில் பழைய கடனையும் சேர்த்து அடைப்பார்கள். ஆதலால் அந்த ஒரு நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அலாரமின்றி விழித்த நேரங்களின் சராசரியைக் காணுங்கள். அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் கிடைப்பது, உங்கள் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைந்த அளவைத் தொடும் வேளை. இதைத் 'தாழ்புள்ளி' என்று அழைப்போம். பதினொரு மணிக்கு இயல்பாக விழிப்பவருக்குத் தாழ்புள்ளி காலை எட்டரை. ஆறு மணிக்கு விழிப்பவருக்கு அதிகாலை மூன்றரை. வீட்டில் துல்லியமாக அளக்க முடியாத ஒன்றைத் தோராயமாகக் கணிக்கிறோம் என்பதையும், அரை மணி ஒரு மணி முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒளி எந்தப் பக்கம் தள்ளும்

முறையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே ஒளி, தாழ்புள்ளிக்குப் பின் சில மணி நேரத்துக்குள் கண்ணில் பட்டால் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது: அடுத்த நாள் தூக்கமும் விழிப்பும் சற்று முன்னதாக வருகின்றன. அதே ஒளி தாழ்புள்ளிக்கு முந்தைய சில மணி நேரத்தில் பட்டால் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடிகாரத்தின் நோக்கில் இது பொருத்தமான ஏற்பாடுதான். நடு இரவென்று தான் நம்பிக்கொண்டிருக்கும் வேளைக்கு முன் வெளிச்சம் தெரிந்தால் 'மாலை இன்னும் முடியவில்லை போலும், நான் முந்திவிட்டேன்' என்றும், அதற்குப் பின் தெரிந்தால் 'விடிந்துவிட்டது, நான் பிந்திவிட்டேன்' என்றும் அது முடிவு செய்து திருத்திக்கொள்கிறது. தாழ்புள்ளியை ஒட்டிய இருபுறத்திலும் இந்தத் தள்ளும் ஆற்றல் மிகுதி. நடுப்பகலில் மிகவும் குறைவு.

விளைவு என்னவென்று பாருங்கள். மூன்று மணிக்குத் தூங்கிப் பதினொன்றுக்கு எழுபவர், 'அதிகாலை வெயில் நல்லது' என்று எங்கோ படித்துவிட்டு, மன உறுதியோடு ஆறு மணிக்கு அலாரம் வைத்து மொட்டைமாடிக்குப் போகிறார். அவருடைய தாழ்புள்ளி எட்டரை. ஆறு மணி வெளிச்சத்தை அவருடைய கடிகாரம் மாலை வெளிச்சமாகவே எண்ணிக்கொள்கிறது. நான்கு நாட்கள் தூக்கத்தைத் துறந்து அவர் செய்த தவத்தின் பயன், கடிகாரம் மேலும் பின்தங்குவதுதான். பிறகு அவர் 'எனக்கு எதுவும் பலிக்கவில்லை' என்று கைவிடுகிறார். வழி சரியானதே, நேரம்தான் தவறு.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கும் வழக்கத்தையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்ப்பது நல்லது. விடலைப் பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னுக்கு நகர்கிறது. இருபது வயதை ஒட்டித்தான் மீண்டும் முன்னுக்கு வரத் தொடங்குகிறது. இதற்குச் சோம்பலோ செல்லமோ காரணமில்லை. பன்னிரண்டு மணிக்குத் தூங்கி எட்டு மணிக்கு இயல்பாக எழக்கூடிய பிள்ளைக்குத் தாழ்புள்ளி ஐந்தரை. நான்கு மணிக்குக் குழல்விளக்கின் கீழ் உட்காரவைத்தால் தூக்கத்தின் பின்பாதி பறிபோகிறது. கனவுத்தூக்கத்தின் பெரும்பகுதி அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த வெளிச்சம் கடிகாரத்தையும் தவறான பக்கம் தள்ளுகிறது. 'வைகறைத் துயிலெழு' என்பது சூரியனோடு படுத்தெழுந்த காலத்தவருக்கு மிகப் பொருத்தமான அறிவுரை. எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிட்ட காலத்தில் வைகறை என்பது தாழ்புள்ளியைத் தாண்டிய வேளைதான்.

நகர்த்தும் முறை

இயல்பாக விழிக்கும் நேரத்திலேயே தொடங்குங்கள். முதல் இரண்டு நாட்கள், நம் எடுத்துக்காட்டில் இருப்பவர் பதினொரு மணிக்கே எழலாம். ஆனால் எழுந்த பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு நாட்களுக்கு ஒரு முறை, எழும் நேரத்தை அரை மணி முன்னுக்கு வையுங்கள்: பத்தரை, பத்து, ஒன்பதரை என்று. இந்த வேகத்தில் போனால் பதினொரு மணி ஏழரையாக மாற ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எழும் நேரம் முன்னேறும்போது தாழ்புள்ளியும் அதனோடு முன்னேறுவதால், ஒளி எப்போதும் சரியான பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து ஒரே தாவலில் மூன்று மணி நேரத்தைத் தாண்ட முயல்பவர் தாழ்புள்ளியின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். ஏதேனும் ஒரு படியில் இரண்டு நாள் ஆகியும் இரவில் தூக்கம் முன்னதாக வரவில்லை என்றால், அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள்.

வெளியே வருவது என்பதை வலியுறுத்துகிறேன். நல்ல விளக்குகள் எரியும் கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே வெளிச்சம் இருக்கும். அலுவலகத்தில் 500 இருக்கலாம். மேகம் மூடிய நாளில்கூடத் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். தெளிந்த நண்பகலில் அது 1,00,000ஐ எட்டும். உள்ளிருக்கும் நம் கண்கள் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருப்பது ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் அது மாடிக்கோ தெருவுக்கோ ஈடாகாது. அரை மணி முதல் முக்கால் மணிவரை நடக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், நாற்காலி போட்டு நாளிதழ் படிக்கலாம். நிழலில் இருந்தாலும் போதும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கறுப்புக் கண்ணாடியை மட்டும் அந்த நேரத்தில் தவிருங்கள்.

இந்த வகையில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி உண்டு. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் எட்டு, எட்டரை மணிவரை விடியாத ஊர்களில் இதற்கென்றே செய்யப்பட்ட 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டிகளை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் சூரியன் எழும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 5.40க்கும் 6.35க்கும் இடையிலேயே இருக்கிறது. ஏழு மணிக்குக் காலை ஒளி கிடைக்காத மாதமே இங்கு இல்லை. லண்டனிலோ டொரான்டோவிலோ வாழும் தமிழர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிவரை விளக்குப் பெட்டியைக் கருதலாம். ஆனால் விழித்திரை நோய் உள்ளவர்களும், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. செறிந்த ஒளி அந்த மனநிலைக் கோளாற்றில் மிகைக் கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும்.

மாலைக்குப் பின்

காலையில் முன்னுக்கு இழுத்ததை இரவு விளக்கு பின்னுக்குத் தள்ளிவிடாமல் காப்பதே மாலையின் வேலை. தூங்கக் கருதும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வீட்டின் வெளிச்சத்தைக் குறையுங்கள். மின்விளக்கை வாங்கும் அட்டை உறையின்மேல் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருந்தால் அது நீலம் மிகுந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கூரையில் எரிகிறது. 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருப்பது மஞ்சள் சார்ந்தது. ஒரு மஞ்சள் விளக்கை வாங்கித் தலைக்கு மேலே மாட்டாமல் தாழ்வாக ஓரத்தில் வைத்து, எட்டரை ஒன்பது மணிக்கு மேல் அதை மட்டும் எரியவிடுவது, எந்தச் செயலியையும்விட அதிகப் பயன் தரும் என்பது என் அனுபவம்.

கைப்பேசியைப் பற்றி வேண்டியதற்கு மேலேயே அச்சம் பரவியிருக்கிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் சுழற்சி ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது; ஆயினும் அச்சுப் புத்தகம் படித்தவர்களைக் காட்டிலும் தூங்குவதற்கு அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்த நேரம் பத்து நிமிட அளவே. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பகலையும் மங்கலான அறையிலேயே கழித்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகலில் நல்ல ஒளியில் இருந்தவரின் கடிகாரத்தை இரவுத் திரை அவ்வளவு எளிதில் அசைப்பதில்லை. கைப்பேசியின் பெரிய தீங்கு அதன் ஒளியைவிட, 'இன்னும் ஒன்று மட்டும்' என்று ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும் குணத்தில்தான் இருக்கிறது. அதற்கு நீல ஒளி வடிகட்டி மருந்தாகாது.

இரவு ஒளியை அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு சிறு குழுவினர் சூரிய ஒளியும் விறகுத் தீயும் மட்டுமே உள்ள கூடாரங்களில் ஒரு வாரம் தங்கினர். அவர்களுடைய மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது என்று 2013இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. இரவுப் பறவைகளாக இருந்தவர்களிடமே மாற்றம் மிகுதியாக இருந்தது. 'என் பிறப்பே அப்படி' என்று சொல்லிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பிறவி வேறுபாடு உண்மையில் உண்டுதான்; ஆனால் அதன்மேல் மின்விளக்கு ஏற்றிவைக்கும் சுமையும் சிறிதல்ல.

படுக்கும் நேரத்தைப் பொறுத்தவரை விதி எளிது: கண் செருகும்போது படுங்கள், கடிகார முள்ளைப் பார்த்து அல்ல. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்து ஏதேனும் படித்துவிட்டு, உறக்கம் தட்டும்போது திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. முதல் வாரம் களைப்பாக இருக்கும். அந்தக் களைப்பே அன்றைய இரவுக்குத் தூக்க அழுத்தத்தைச் சேர்த்துத் தருகிறது. இந்த நாட்களில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

கோடைக்காலத்தில் நம் ஊர்களின் புழுக்கம் தனிச் சிக்கல். உள்வெப்பம் இறங்கினால்தான் தூக்கம் கூடும். அந்த வெப்பம் வெளியேறுவது பெரும்பாலும் கைகால்களின் தோல் வழியாகவே. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலுக்கு இரத்த ஓட்டம் மிகுந்து உள்வெப்பம் வேகமாக இறங்கும். குளிரூட்டி இல்லாத வீட்டில் கால்களை நனைத்துவிட்டு மின்விசிறியின் கீழ் படுப்பதும் இதே வேலையைச் செய்கிறது.

காபி, பகல்தூக்கம், இரவு உணவு

காபியில் உள்ள காஃபீன் அடினோசின் அமர வேண்டிய இடங்களை மறித்துக்கொள்கிறது; அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் மட்டும் போகிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் வரை ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தை இழந்ததை 2013ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. அது பல கோப்பைக்குச் சமமான அளவு என்றாலும், கடிகாரத்தை நகர்த்தும் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் காபியும் கெட்டித் தேநீரும் வேண்டாம். பகல்தூக்கம் தேவைப்பட்டால் இருபது நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன். இரவு உணவைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பது நல்லது. ஈரலின் கடிகாரம் ஒளியைவிட உணவு வேளையையே பின்பற்றுவதால், நள்ளிரவு பிரியாணி அந்த உறுப்பை வேறொரு நேரத்துக்குக் கொண்டுபோய்விடும். காலை உணவை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் உண்பது இதே காரணத்தால் பயன் தரும்.

மெலடோனின் மாத்திரையைப் பலர் தூக்க மாத்திரை என்று எண்ணிப் படுக்கும்போது விழுங்குகிறார்கள். அது முதன்மையாக 'இருட்டிவிட்டது' என்று கடிகாரத்துக்குச் சொல்லும் செய்தி. மாலையில் உட்கொண்டால் முன்னுக்கும், காலையில் உட்கொண்டால் பின்னுக்கும் நகர்த்தும். அளவைவிட நேரமே முக்கியம். அந்த நேரத்தை மருத்துவர் குறித்துத் தர வேண்டும்.

இரவுப் பணியில் இருப்பவர்கள்

மேலே சொன்னவை பகல் வாழ்க்கைக்குத் திரும்ப விரும்புபவர்களுக்கானவை. மருத்துவமனையிலோ ஆலையிலோ வெளிநாட்டு நேரத்துக்கு இயங்கும் மென்பொருள் நிறுவனத்திலோ நிலையாக இரவில் வேலை செய்பவர்கள் இதையே திருப்பிப் போட வேண்டும்: பணியின் முற்பாதியில் நல்ல வெளிச்சம், கடைசி இரண்டு மணி நேரத்தில் மங்கல், வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, துணியாலும் அட்டையாலும் முழுதாக இருட்டாக்கிய அறை. வண்டியை நீங்களே ஓட்டுவதானால் கண்ணாடியை விட்டுவிடுங்கள். அந்த வேளையின் தூக்கக் கலக்கத்தோடு அதையும் சேர்ப்பது ஆபத்து. விடுமுறை நாளில் முழுதாகப் பகலுக்குத் திரும்பாமல், அதிகாலை மூன்று நான்கு மணிக்குத் தூங்கி நண்பகலில் எழுவது போன்ற நடுவழியைப் பிடித்தால் ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தை இரு பக்கமும் இழுக்காமல் தப்பலாம்.

பணிமுறையை வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனிம ஆலைத் தொழிலாளரிடம் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வில், பணிநேரத்தைக் காலை, மாலை, இரவு என்று பின்னோக்கி நகரும் வரிசையில், வாரம் ஒரு முறை என்பதற்குப் பதிலாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றியபோது, தொழிலாளரின் மனநிறைவும் ஆலையின் உற்பத்தியும் உயர்ந்தன. நம் கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டி ஓடுவதால் பின்னோக்கி நகர்வது அதற்கு எளிது. இரவு, மாலை, காலை என்று எதிர்வரிசையில் சுழற்றுவதற்கு நிர்வாக வசதியைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. இரவுப் பணியின் தீங்கு களைப்போடு நிற்பதில்லை. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் பணிமுறையைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு மிக்கவற்றின் பட்டியலில் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் சேர்த்தது.

மருத்துவரை நாட வேண்டியது எப்போது

உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தாலும், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கினாலும், படுத்தவுடன் கால்களில் அடக்க முடியாத குறுகுறுப்பு ஏற்பட்டாலும், விடியலுக்கு வெகு முன்பே விழித்து மனம் இருண்டு கிடந்தாலும், சிக்கல் கடிகாரத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கக்கூடும். பார்வை முற்றிலும் இல்லாதவர்களில் பலருக்கு ஒளியின் செய்தி கடிகாரத்தை எட்டாமல், தூக்க நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். அவர்களுக்குத் தனி மருத்துவம் உண்டு. ஆறு வாரம் இந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றியும் தூக்கம் அரை மணிகூட முன்னுக்கு வராதவர்களும், தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தூக்க மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவர் முதலில் கேட்கப்போவதும் அந்தக் குறிப்பேட்டைத்தான்.

இலக்கை எட்டிய பிறகும் கல்யாண வீடு, திருவிழா, இரவுப் பேருந்து என்று ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். ஓர் இரவு தவறினால் மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாகத் தூங்கி எழுந்து, மாடிக்குப் போய்விடுங்கள். மீதிக் கடனை மதியம் இருபது நிமிடமும் அன்றிரவும் அடைத்துவிடும். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து பிசகிவிட்டால், முன்பு எழுந்துகொண்டிருந்த நேரத்துக்கு உடனே தாவாமல், இப்போது இயல்பாக விழிப்பது எத்தனை மணிக்கு என்று பார்த்து, அங்கிருந்தே அரை மணி அரை மணியாக மறுபடி நகர்த்துங்கள்.